முதல் வண்டியில் இறங்குபவரே தலைவர்

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பலின் சரக்கறையிலிருந்து பிற்பகலில் புகை வந்தது. கப்பலில் பஞ்சுப் பொதிகளும் ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிபொருளும் இருந்தன. தீயணைப்பாளர்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். கப்பலை அங்கேயே மூழ்கடித்துவிடலாம் என்றார் ஒருவர். துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய்விடலாம் என்றொரு யோசனையும் இருந்தது. கப்பல் தலைவர், வெடிபொருள் அதிகாரி, துறைமுக நிர்வாகி, தீயணைப்பு அதிகாரி என்று பொறுப்புள்ள எல்லோரும் அங்கே இருந்தார்கள். யோசனையை உத்தரவாக்க மட்டும் ஒருவர் இல்லை. மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று தீத்தொண்டு வாரம் தொடங்குவது அவர்கள் நினைவாகத்தான்.

தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி நேரடியாக நிலைய அலுவலராகச் சேரும் இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஏணி, ஹோஸ், மூச்சுக்கருவி எல்லாம் பயிற்சியில் கைக்கு வந்துவிடும். ஆனால் முதல் பெரிய அழைப்பில், உங்களைவிடப் பல வருடம் கூடுதலாகத் தீயைப் பார்த்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். களத்தைப் பொறுப்பேற்று நடத்துவது தனியாகக் கற்க வேண்டிய வேலை. தோள்பட்டையில் நட்சத்திரம் ஏறியதும் அது தானாக வந்துவிடாது.

இந்த வேலைக்கு இன்று உலகம் முழுவதும் ஓர் இலக்கணம் இருக்கிறது. 1970இல் தெற்கு கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ 13 நாட்கள் எரிந்து 16 உயிர்களையும் 700 கட்டடங்களையும் கொண்டுபோனது. ஆளும் வண்டியும் போதாதது ஒரு பக்கம். பல துறைகள் ஒரே களத்தில் நின்று, ஒரே பொருளை வெவ்வேறு பெயரால் அழைத்து, ஒருவர் பேசுவது மற்றவர் வயர்லெஸ்ஸில் கேட்காமல், யார் சொல்வதை யார் கேட்பது என்று தெரியாமல் தவித்தது பெரிய பலவீனம். அதிலிருந்து பிறந்ததுதான் ‘இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்’. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட பேரிடர் எதிர்வினை வழிகாட்டி நெறிகளும் இதே வார்ப்பில் அமைந்தவை. மாவட்ட அளவில் அதன் பொறுப்பு அதிகாரி ஆட்சியர். ஆனால் ஆட்சியர் வந்து சேரும்வரை தீ காத்திருக்காது. அதனால் முறையின் முதல் விதி, முதல் வண்டியில் இறங்கும் அதிகாரியே களத் தலைவர் என்பது. வயதும் பதவியும் பார்ப்பது பிறகு.

வாயைத் திறந்து சொல்லுங்கள்

பொறுப்பேற்றுவிட்டதாக மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். வண்டி நின்ற ஒரு நிமிடத்துக்குள் உங்கள் முதல் தகவல் இப்படிப் போகலாம்:

“முதல் வண்டி வந்துவிட்டது. மூன்று மாடிக் கட்டடம், கீழே துணிக்கடை, மேலே குடியிருப்பு. முதல் மாடி முன்பக்க ஜன்னல்களில் கறும்புகை. இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் இருப்பதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். எங்கள் குழு உள்படிக்கட்டு வழியாக ஏறி அவர்களைத் தேடுகிறது. இன்னும் இரண்டு வண்டிகளும் ஓர் ஏணி வண்டியும் தேவை. கோயில் தெரு முனையில் நிறுத்தச் சொல்லுங்கள். நான் பொறுப்பில் இருக்கிறேன். கடைக்கு எதிரே நிற்கிறேன்.”

இதில் எதையும் அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. என்ன கட்டடம், எங்கே புகை, யார் சிக்கியிருக்கிறார்கள், என்ன செய்கிறோம், என்ன வேண்டும், யார் தலைவர், எங்கே நிற்கிறார். வந்துகொண்டிருக்கும் இரண்டாம் வண்டிக்காரர் இதைக் கேட்டபடியே தன் ஆட்களை மனத்துக்குள் பிரித்துவிடுவார். நிறுத்துமிடத்தைச் சொல்லாவிட்டால் எல்லா வண்டிகளும் ஒரே குறுகிய தெருவுக்குள் நுழைந்து, கடைசியில் வரும் ஏணி வண்டிக்கு வழியில்லாமல் போகும்.

சொன்ன கையோடு கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்து எடுத்த முடிவு பாதி முடிவு. பின்னால் கம்பி போட்ட ஜன்னலில் யாராவது கையசைத்துக்கொண்டிருக்கலாம். சரிவான நிலத்தில் முன்னாலிருந்து தெரியாத அடித்தளம் பின்னால் திறந்திருக்கலாம். முழுதாகச் சுற்ற முடியாத நெருக்கமான தெருவென்றால், பின்பக்கத்துக்கு ஒருவரை அனுப்பி அவர் கண்ணால் பாருங்கள்.

ஹோஸைக் கையில் வாங்காதீர்கள்

நல்ல தீயணைப்பாளராக இருந்தவருக்கு இதுதான் மிகவும் கடினம். உள்ளே போக உடம்பு துடிக்கும். ஆனால் புகைக்குள் நிற்பவருக்கு ஓர் அறை மட்டும்தான் தெரியும். வெளியே, எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில், கட்டடத்தின் இரண்டு பக்கமாவது கண்ணில் படும்படி நிற்பவருக்குத்தான் களம் தெரியும். உயிர் உடனே போகும் நிலை, ஆள் பற்றாக்குறை என்றால் முதல் அதிகாரியே குழுவோடு உள்ளே போக நேரும். அதற்கும் விதி இடம் தருகிறது. அப்போதும், உள்ளே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருபவர் வெளியே தலைமையை நிலைநிறுத்த வேண்டும்.

2007 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்லஸ்டன் நகரின் ஒரு சோபா கடையில் பிடித்த தீயில் 9 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அங்கே அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று அவரவர் வேலையை நடத்தினார்கள் என்றும், மொத்தக் களத்தையும் ஓரிடத்தில் நின்று பார்த்தவர் இல்லை என்றும் பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. உள்ளே வழி தவறியவர்கள் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டது மற்றப் பேச்சுகளுக்கிடையே அமுங்கிப்போனது. களத்தில் வயர்லெஸ் ஒழுக்கத்தைக் கண்டிப்பாக வைத்திருக்கும் அதிகாரியைச் சிடுமூஞ்சி என்று பேசுவார்கள். பேசட்டும். அந்த அலைவரிசையில் அடுத்து வருவது ஓர் உயிரின் குரலாக இருக்கலாம்.

ஒருவர் நேரடியாக நடத்தக்கூடியது மூன்று முதல் ஏழு பேரை. ஐந்து பேர் என்பது வசதியான எண். ஆறாவது வண்டி வந்த பிறகும் எல்லோரும் உங்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் களம் கை நழுவுகிறது என்று பொருள். பின்பக்கம் ஒருவருக்கு, மேல்மாடித் தேடுதல் ஒருவருக்கு, தண்ணீர் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அவர்களிடமிருந்து வரும் தகவலையும் மூன்றாகப் பழக்குங்கள்: நிலைமை என்ன, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், என்ன வேண்டும். கதை வேண்டாம்.

உள்ளேயா, வெளியேயா

உயிர், பிறகு தீ பரவாமல் தடுப்பது, பிறகு பொருள். இந்த வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். இதைக் களத்தில் முடிவாக மாற்றுவதற்குத்தான் தலைவர். ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறையின் தலைவராக நீண்ட காலம் இருந்த ஆலன் புருனசினி இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். காப்பாற்றக்கூடிய உயிருக்காக, கணக்குப் பார்த்து, பெரிய ஆபத்தை ஏற்கலாம். காப்பாற்றக்கூடிய பொருளுக்காகச் சிறிய ஆபத்து. ஏற்கெனவே போய்விட்ட உயிருக்காகவோ பொருளுக்காகவோ எந்த ஆபத்தும் வேண்டாம்.

இந்தக் கணக்கின் கடைசி வரி எவ்வளவு பாரமானது என்பதை மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரம் அறியும். 1999 டிசம்பர் 3 மாலை, பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த பழைய குளிர்பதனக் கிடங்கில் தீ. 1906இல் கட்டியது. கனத்த செங்கல் சுவர், உள்ளே தக்கையும் தாரும் நுரைப்பொருளும் ஒட்டிய பூச்சு, பெயருக்குத்தான் ஜன்னல். வீடற்ற இருவர் அங்கே தங்குவதாகத் தகவல் வந்ததால் தேடச் சென்றார்கள். அந்த இருவரும் மெழுகுவத்தி சாய்ந்து தீப்பிடித்ததுமே யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிட்டிருந்தார்கள். இது அப்போது யாருக்கும் தெரியாது. திடீரெனப் புகை இறங்கி உள்ளே கண்மண் தெரியாமல் ஆனது. இரண்டு வீரர்கள் வழி தவறி, காற்று தீர்கிறது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களில் நால்வர் திரும்பவில்லை. வெளியே இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் நிற்காத ஆவேசத்தில், தங்கள் சகாக்களுக்காக மறுபடி உள்ளே போகத் துடித்தார்கள்.

தீயணைப்புத் துறையின் மாவட்டத் தலைவர் மைக் மக்னாமி வாசலில் நின்று வழியை மறித்தார். இனி யாரும் போகக் கூடாது என்றார். உள்ளே இருந்த ஆறு பேரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அவர்களைக் கைவிடும் உத்தரவை, அவர்களுடைய நண்பர்களின் முகத்துக்கு நேராக நின்று சொன்னார். ஆறு உடல்களையும் எடுக்க எட்டு நாட்கள் ஆயின. அந்த உத்தரவு இல்லையென்றால் எண்ணிக்கை ஆறோடு நின்றிருக்காது. களத் தலைமை பற்றி நான் படித்தவற்றில் இதைவிடப் பெரிய துணிச்சலைப் பார்த்ததில்லை. அவரால் அந்த முடிவை எடுக்க முடிந்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. அவர் வாசலில் இருந்தார். யார் போனார்கள், யார் வரவில்லை, எத்தனை நேரம் ஆயிற்று என்பது அவர் கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டியது முதல் ஆள் உள்ளே நுழையும்போதே. பெயர், குழு, எந்த மாடி, எத்தனை மணிக்கு நுழைந்தார். பலகை இல்லையென்றால் அட்டைத் தாளில் எழுதுங்கள். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டுத் தலை எண்ணுங்கள். அமெரிக்க விதிப்படி, ஆபத்தான புகைக்குள் இருவர் போனால் மீட்கத் தயாராக இருவர் வெளியே நிற்க வேண்டும். ஆனால் இருவரால் மீட்டுவிட முடியும் என்று நம்பிவிடாதீர்கள். 2001 மார்ச்சில் ஃபீனிக்ஸில் ஒரு சூப்பர் மார்க்கெட் தீயில் சக வீரர் ஒருவரை இழந்த பிறகு, அத்துறை பெரிய கட்டடங்களில் மீட்பு ஒத்திகைகளைத் தொடர்ந்து நடத்தி அளந்து பார்த்தது. ஒருவரை வெளியே கொண்டுவர 12 பேர் தேவைப்பட்டார்கள். சராசரியாக 21 நிமிடம் ஆனது. மீட்கப் போனவர்களில் ஐந்தில் ஒருவர் தாமே ஆபத்தில் மாட்டினார். ஒரு சிலிண்டர் காற்று சராசரியாக 19 நிமிடத்தைத் தொடவில்லை. ஆகவே இரண்டாவது உதவிப் படையை, தேவைப்பட்ட பிறகு கேட்காதீர்கள். தேவைப்படலாம் என்று தோன்றும்போதே கேளுங்கள். வந்து சும்மா நின்றுவிட்டுத் திரும்பினால் யாருக்கும் நஷ்டமில்லை.

திட்டத்தைக் கைவிடத் தெரிந்திருங்கள்

கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 1980களில் தீக்களத் தலைவர்களிடம் ஆய்வு செய்தார். அவர்கள் பல வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை, முன்பு பார்த்த களங்களின் சாயலை அடையாளம் கண்டு முதலில் தோன்றும் வழியில் இறங்குகிறார்கள் என்று கண்டார். அனுபவத்தின் வேகம் அது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. களம் பழைய சாயலில் இல்லாதபோதும் கை பழையபடியே போகும்.

2017 ஜூன் 14 அதிகாலை, லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவர். உயர்ந்த அடுக்ககங்களில் தீ ஒரு வீட்டைத் தாண்டாது, ஆகவே மற்றவர்கள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அங்கே நெடுங்கால வழக்கம். அன்று தீ வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகைகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. அழைப்பு வந்தது 12.54க்கு. ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற அறிவுரை கைவிடப்பட்டது 2.47க்கு. 72 பேர் இறந்தார்கள். 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே அதை மாற்றியிருக்க முடியும், மாற்றியிருக்க வேண்டும் என்றது 2019இல் வந்த விசாரணை அறிக்கை. களத்திலிருந்த அதிகாரிகளின் துணிவை அது குறைசொல்லவில்லை. வெளியேற்றம் தேவைப்படும் தருணத்தை இனம்காண அவர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை என்றது. துறையை நடத்துபவர்கள் இதைத் தங்கள் மேசைமேல் ஒட்டிவைக்கலாம்.

பிரிட்டனின் தீயணைப்பு அதிகாரியும் உளவியலாளருமான சப்ரினா கோஹன்-ஹாட்டன் இதற்கு எளிய கருவி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். உத்தரவு கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்: இதை ஏன் செய்கிறேன்? என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்? கிடைக்கும் பலன் இந்த ஆபத்துக்கு ஈடாகுமா? இரண்டாவது கேள்வி தங்கம். ஐந்து நிமிடத்தில் புகை வெளுக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், பத்து நிமிடம் கழித்தும் கறுப்பாகவே கொப்பளிக்கிறது என்றால், தண்ணீர் தீயைத் தொடவில்லை. உள்ளே இருப்பவர்களை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி யோசியுங்கள்.

உங்களுக்கு மூத்த அதிகாரி வந்ததும் பொறுப்பு தானாக அவரிடம் போய்விடுவதில்லை. முடிந்தவரை நேருக்கு நேர் நின்று, நிலைமை, ஆட்கள் இருக்கும் இடம், இதுவரை செய்தது, கேட்டிருக்கும் உதவி ஆகியவற்றைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் ஏற்றதை வயர்லெஸ்ஸில் அறிவிக்க வேண்டும். அதுவரை நீங்கள்தான். உங்களைத் தாண்டி அவர் உங்கள் ஆட்களுக்கு நேரடியாக உத்தரவு போட்டால், “ஐயா, நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா?” என்று மரியாதையோடு கேட்டுவிடுங்கள். இரண்டு தலைவர்கள் இருக்கும் களமும் தலைவரே இல்லாத களம்தான்.

இவை எதுவும் பெரிய தீயன்று முதன்முதலாக வாயில் வராது. குப்பைமேடு எரிகிறது என்ற அழைப்புக்குப் போனாலும் முழு முதல் தகவலைச் சொல்லுங்கள், நிற்கும் இடத்தைச் சொல்லுங்கள், இருவர்தான் இருந்தாலும் தலை எண்ணுங்கள். ஓய்வான மாலையில் உங்கள் எல்லைக்குள் இருக்கும் பெரிய ஜவுளிக்கடை, திருமண மண்டபம், பஞ்சுக் கிடங்கு ஒன்றின் படத்தை மேசையில் விரித்து, இங்கே தீ என்றால் முதல் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று குழுவில் ஒவ்வொருவரையும் கேளுங்கள். களம் முடிந்து நிலையம் திரும்பியதும், அன்றே, எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பணியில் இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். குற்றம் தேடும் கூட்டமாக அதை ஆக்கிவிடாமல், ஒவ்வொருவரிடமும் ஒன்றை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: நான் சொன்னதில் உங்களுக்குக் கேட்காமல் போனது எது?