பித்தளை உறை பறந்து வருவதில்லை

பழைய பீரங்கிகளின் பித்தளை உறைகளைப் பற்றித் தமிழ்நாட்டில் வழங்கும் கதைகளுள் மிகப் பிடிவாதமானது, சென்னையில் ஏதேனும் ஒரு கூடத்தில் பூச்சாடியாகவோ குடை வைக்கும் கலமாகவோ நிற்கும் உறை ஒவ்வொன்றும் 1914-இல் எம்டன் கப்பல் நகரின்மீது வீசிய குண்டு என்பதாகும். பழம்பொருள் விற்போர் இதைச் சொல்லி விலையை உயர்த்துகின்றனர்; வாங்குவோர் கேள்வியின்றி நம்புகின்றனர்; பரம்பரையாக வைத்திருப்போர் பெருமையுடன் அடுத்த தலைமுறைக்குச் சொல்கின்றனர். இந்தக் கூற்று ஐயத்துக்குரியது என்று மென்மையாகச் சொல்வது போதாது. பீரங்கி இயங்கும் முறையை ஒருமுறை அறிந்துகொண்டால் இது நடக்கவே இயலாத ஒன்று என்பது தெளிவாகும்.

விரைவாகச் சுடும் பீரங்கிகளுக்கான முழுத் தோட்டா இரண்டு பகுதிகளைக் கொண்டது. முன்பகுதி, இலக்கை நோக்கிப் பறந்து சென்று வெடிக்கும் எஃகு அல்லது இரும்புக் குண்டு. பின்பகுதி, அக்குண்டை உந்தித் தள்ளும் எரிமருந்தை அடக்கிய பித்தளை உறை. உறையின் அடியில் நடுவே பொருத்தப்பட்டுள்ள பிரைமர் என்னும் எரியூட்டியைப் பீரங்கியின் முள் தாக்கும்போது உள்ளிருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைக் குழல்வழியே வெளியே தள்ளுகிறது. அந்தக் கணத்தில் பித்தளை உறை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி வாயு பின்புறம் கசியாதபடி அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் மீண்டும் சுருங்கிவிடுவதால், பீரங்கியின் பின்வாயைத் திறக்கும்போது வெறும் கூடாகப் பின்புறம் வந்து விழுகிறது. அதாவது சுடப்பட்ட இடத்தில் எஞ்சுவது உறை. தாக்கப்பட்ட இடத்தில் எஞ்சுவது குண்டின் சிதறல்.

எம்டன், 10.5 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பத்துப் பீரங்கிகளைத் தாங்கிய ஜெர்மானிய இலகுரகப் போர்க்கப்பல். கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் அது 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நின்றபடி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலன்களைத் தீக்கிரையாக்கிவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இருளில் மறைந்தது. நகருக்குள் வந்தவை குண்டுகள் மட்டுமே. அவற்றைச் செலுத்திய பித்தளை உறைகள் ஒவ்வொன்றும் கப்பலின் தளத்திலேயே விழுந்தன. ஒன்றுகூடக் கரைக்கு வந்திருக்க வழியில்லை. கப்பலிலிருந்து கடலில் எறியப்பட்ட உறை பின்னாளில் மீனவர் வலையில் சிக்கிக் கரையேறியது என்று வாதிடுவோரும் உள்ளனர். பல ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறுவதால், எஞ்சும் செம்பு இளஞ்சிவப்புத் திட்டுகளாகவும் நுண்துளைகளாகவும் வெளிப்படும். அத்தகைய அரிப்பின் சுவடே இல்லாமல் பளபளக்கும் உறையைக் காட்டி இந்த வாதத்தை முன்வைப்பது கேட்பவரின் அறியாமையை முதலாக்கும் வேலையன்றி வேறில்லை.

எம்டன் சென்னையில் உண்மையில் விட்டுச்சென்றது எத்தகைய பொருள் என்பதைக் காண விரும்புவோர் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அங்கே பாதுகாக்கப்படுவது குண்டின் சிதறலேயொழியப் பித்தளைக் கலமன்று. எம்டனின் உறைகளைத் தேடுவதென்றால் அதன் பயணம் முடிந்த இடத்தில் தொடங்க வேண்டும். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னியின் தாக்குதலால் சிதைந்து பவளப்பாறையில் தரைதட்டிய அக்கப்பலிலிருந்து பல பொருள்கள் மீட்கப்பட்டன. அதன் பீரங்கிகளுள் ஒன்று இன்றும் சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. அந்தச் சிதைவிலிருந்து எடுக்கப்பட்டதற்கு எழுத்துச் சான்றுள்ள உறைக்கு மட்டுமே எம்டன் என்னும் பெயர் பொருந்தும்.

கையிலுள்ள உறை எந்தப் பீரங்கிக்கு உரியது என்பதை அறிய அளவுகோலும் உருப்பெருக்கியும் போதும். குண்டு பெரும்பாலும் உறையின் வாயில் செருகப்படுவதால், வாயின் உள்விட்டம் ஏறக்குறைய பீரங்கியின் வாய் அகலத்தைக் காட்டிவிடும். பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கிக்கு அது 84 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. இந்தியப் படையும் நெடுங்காலம் கையாண்ட 25 பவுண்டருக்கு 87.6; முதல் உலகப்போரின் ஜெர்மானியக் களப்பீரங்கிக்கு 77; பிரெஞ்சுக்காரரின் புகழ்பெற்ற 1897-ஆம் ஆண்டு மாதிரிக்கு 75. எம்டன் உறை என்று காட்டப்படுவது இந்த அளவுகளுள் ஒன்றில் அடங்குமானால் உரையாடலை அங்கேயே முடித்துவிடலாம். 105 மில்லிமீட்டர் இருந்தாலும் அது சான்றாகாது. பின்னாளில் அமெரிக்காவும் இந்தியாவும் உட்படப் பல நாடுகள் அதே அளவில் களப்பீரங்கிகளைச் செய்தன.

அளவுக்கு அடுத்து ஆராய வேண்டியது அடிமுத்திரை, அதாவது உறையின் அடித்தட்டில் அச்சுகொண்டு அடிக்கப்பட்ட எழுத்துகளும் எண்களும். பிரிட்டிஷ் உறையில் பீரங்கியின் பெயர், மாதிரி எண், செய்த ஆலையின் சுருக்கெழுத்து, செய்த காலம், அரசுடைமையைக் குறிக்கும் அம்புமுனைக் குறி ஆகியவை இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்தி நின்றால், அரசு அப்பொருளைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். ஜெர்மானிய உறைகளில் மாக்டபர்க் நகரின் போல்ட்டே, கார்ல்ஸ்ரூஹே தோட்டா ஆலை போன்ற பெயர்கள் மாதத்துடனும் ஆண்டுடனும் காணப்படும். ஆங்கில எழுத்துகளும் அம்புமுனையும் பொறித்த உறையை ஜெர்மானியக் கப்பலின் பெயரில் விற்போர் அதன் அடியைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அடியிலுள்ள ஆண்டு போர் நடந்த ஆண்டு என்பது தவறு. அது உறை செய்யப்பட்ட ஆண்டு, அவ்வுறை பின்னர் மீண்டும் மருந்தேற்றிப் பலமுறை சுடப்பட்டிருக்கலாம். நூறாண்டு கடந்த உறை அரியது என்பதும் தவறு. முதல் உலகப்போரின் மேற்கு முனையில் 18 பவுண்டர்கள் மட்டுமே ஏறக்குறைய 10 கோடிக் குண்டுகளைச் சுட்டன. பூவும் கொடியும் செதுக்கிய உறைகளெல்லாம் பதுங்குகுழியில் வீரர்கள் குண்டுமழைக்கிடையே செய்தவை என்பதும் பெரும்பாலும் தவறு. போர்முனைக்குப் பின்னாலிருந்த பட்டறையாளரும் கைதிகளும் ஊர்மக்களும் செய்தவை ஏராளம், போருக்குப்பின் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே செய்து விற்றவையும் ஏராளம். விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனிலிருந்து தாக்குதலை வழிநடத்தினார் என்னும் கதையைச் சேர்த்து விலை பேசுவோர், அவர் அந்நாள்களில் ஐரோப்பாவில் அரசியல் பணியில் இருந்தார் என்பதை அறிய வேண்டும். பித்தளைக்குள் பொன்னோ இரிடியமோ கலந்திருப்பதாகச் சொல்வது வெறும் மோசடி. தோட்டாப் பித்தளை ஏறக்குறைய 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்டது.

ஒரு நம்பிக்கை மட்டும் உயிரைப் பறிக்கக்கூடியது. பழைய குண்டு காலப்போக்கில் செயலிழந்துவிடும் என்பதே அது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 2014-இல், அதாவது போர் தொடங்கி நூறாண்டு ஆன பின்னர், மண்ணில் புதைந்திருந்த குண்டு வெடித்துத் தொழிலாளர் இருவர் மாண்டனர். வாய் திறந்து உள்ளே வெறுமையாக இருப்பதும், அடியிலுள்ள எரியூட்டியில் முள் தாக்கிய பள்ளம் தெளிவாகத் தெரிவதுமே பாதுகாப்பின் குறைந்தபட்ச அடையாளங்கள். வாயில் குண்டு செருகியபடியோ எரியூட்டி தாக்கப்படாமலோ இருக்கும் எதையும் தொடாமல், நகர்த்தாமல், காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

மதிப்பு என்பது எடையில் இல்லை. எடைபோட்டு வாங்கும் காயலான் கடையில் கிடைப்பது உலோகத்தின் விலை மட்டுமே. சேகரிப்பாளரும் அருங்காட்சியகமும் மதிப்பது தெளிவான முத்திரை, மாற்றப்படாத வடிவம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் சான்று ஆகிய மூன்றையுமே. இம்மூன்றனுள் முதலாவதை வீட்டார் தம் கையாலேயே அழிக்கின்றனர். புளியும் சாம்பலும் இட்டு ஆண்டுதோறும் தேய்ப்பதால் முத்திரையின் எழுத்துகள் மழுங்குகின்றன. நூறாண்டுக் காலம் படிந்து உலோகத்தைக் காத்த பழுப்புப் படலமும் போய்விடுகிறது. இந்தக் கெட்ட வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டும். உலர்ந்த மென்துணியால் தூசி துடைப்பதே போதுமானது.

மூன்றாவதான சான்றை வீட்டார் எழுதிவைக்காமலே இழக்கின்றனர். பிரான்சிலும் மெசபட்டோமியாவிலும் பணியாற்றித் திரும்பிய இந்தியப் படைவீரர்கள் பல்வகை நினைவுப்பொருள்களுடன் ஊர் திரும்பினர். அத்தகையவர் ஒருவர் கொண்டுவந்த எளிய 18 பவுண்டர் உறை, அவர் பெயரும் படைப்பிரிவும் எழுதப்பட்டிருக்குமானால், எம்டன் என்னும் பொய்ப்பெயர் தாங்கிய எந்த உறையைக் காட்டிலும் மேலான வரலாற்று ஆவணமாகும். பழம்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972, நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதால், வெளிநாட்டுக்கு விற்க எண்ணுவோர் தொல்லியல் துறையின் கருத்தை முன்கூட்டியே பெறுவது கடமை.

ஆகவே வீட்டில் உறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அது வெறுமையானது என்பதை உறுதிசெய்துகொண்டு, அடித்தட்டைப் படமெடுத்து, வாயின் அளவையும் உயரத்தையும் குறித்து, மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே அது வந்த வழியைக் கேட்டு எழுதி, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஒரு படியைக் கொடுத்து வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் சொல்லப்படும் எந்த விலையும் நம்பத்தக்கதன்று.