காலுக்குக் காப்பு உண்டு, தலைக்கு?

"எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் காலை நேரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைச் சாலைகளில் நாம் காண்பது என்ன? தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் விரையும் வண்டிகளில், பலருடைய தலைக்கவசம் தலையில் இருப்பதில்லை. பெட்ரோல் டேங்கின் மேலோ கண்ணாடிக் கம்பியிலோ தொங்குகிறது. உலகத்தாரின் பாதங்களுக்குக் காலணி செய்து அனுப்பும் நம் பகுதி, தன் தலையை மறக்கலாமா?

நம் மூளையின் எடை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம். தயிர்க்கட்டி போன்ற மென்மையான அவ்வுறுப்பு, கடினமான மண்டையோட்டினுள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை தரையில் மோதும்போது மண்டையோடு சட்டென்று நிற்கிறது; மூளையோ நிற்பதில்லை. அது உட்சுவரில் இடித்து, மறுபுறமும் மோதுகிறது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. ஆகவே வெளியே சிறு கீறலும் இன்றி உள்ளே பெருங்காயம் ஏற்படக்கூடும்.

வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நிற்கும் நேரம் கூடினால் தாக்கும் விசை குறையும். தலைக்கவசத்தின் வேலையும் இதுவே. வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளிருக்கும் தக்கை போன்ற பகுதி நசுங்கி அதிர்ச்சியை ஏற்கிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஆதலின் விபத்தில் அடிபட்ட கவசத்தை மறுபடி அணியலாகாது. வார் பூட்டாத கவசமோ, நாம் விழுமுன் தான் கழன்று விழும்.

1935-இல் 'அரேபிய லாரன்ஸ்' எனப் புகழ்பெற்றவர் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலைக்காயத்தால் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் அறுவை மருத்துவர், பின்னர் இராணுவத் தூதஞ்சல் வீரர்களின் விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941-இல் எடுத்துரைத்தார். தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 69 சதவீதமும் குறைக்கிறது என்று பிற்கால ஆய்வுகளின் தொகுப்பு கூறுகிறது.

உயிர் பிழைத்தால் போதும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பிழைத்தவரின் வாழ்வு எளிதன்று. நேற்றுச் சொன்னது இன்று நினைவில் நிற்காது. சொல் நாவில் வந்து நின்றுவிடும். சாந்தமாக இருந்தவர் சிறு ஓசைக்கும் சினம் கொள்வார். சிறிது உழைத்தாலும் களைத்துப் போவார். பார்ப்பவர்கள், "நன்றாகத்தானே இருக்கிறார், சோம்பல்" என்பர். அது சோம்பலன்று, கண்ணுக்குத் தெரியாத காயம். அத்தகையோருக்கு ஒவ்வொன்றாகச் சொல்வதும், எழுதி வைத்து நினைவூட்டுவதும், பொறுமையாகக் காத்திருப்பதும் நாம் செய்யக்கூடிய உதவிகள்.

இத்துறையில் நம் வேலூருக்குத் தனிப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவை 1949-இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத் தண்டில் அடிபட்டு நடக்கும் ஆற்றலை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். பிறர்க்கு மறுவாழ்வு அளிக்கும் கலையை நியூயார்க்கில் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காயத்திற்குப் பின்னும் வாழ்வு உண்டு என்பதற்கு அவரே சான்று.

எனினும் வருமுன் காப்பதே அறிவுடைமை. ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதே சட்டம். பின் இருக்கையில் பள்ளிக்கு வரும் மாணவியராகிய நம்மையும் அது குறிக்கிறது. நாளைக் காலை அப்பாவோ அண்ணனோ வண்டியை எடுக்கும்போது, தலைக்கவசத்தை நாமே எடுத்துக் கொடுப்போம். நம்முடையதையும் அணிவோம். இரண்டு வார்களும் பூட்டும் ஓசை கேட்ட பிறகே புறப்படுவோம்.