நல்ல உணவு என்று எதைக் கொண்டு அறிவோம்?



அம்பாறை மாவட்டத்திலே வயல்கள் சூழ்ந்த ஊர் இறக்காமம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கு நடைபெற்ற கந்தூரியில் உணவருந்திய நூற்றுக்கணக்கானோர் நோயுற்று வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். மூவர் உயிரிழந்தனர். அன்போடு ஆக்கிப் பகிர்ந்த சோறு அது. நமது கோயில் திருவிழாக்களிலும் இதே போன்ற பெரிய கிடாரங்களில்தான் சமைக்கிறோம். ஆகவே இது அயலூர்ச் செய்தி மட்டுமன்று. நமக்கும் உரிய பாடம்.

"மணமும் ருசியும் நன்று, ஆகவே உணவும் நன்று" என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் நோய்க்கிருமிகள் பல வேளைகளில் மணத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. எனவே விஞ்ஞானிகள் நாவை நம்பாது நான்கு கேள்விகளைக் கேட்கின்றனர்.

1. கெடுதி எது? கிருமியா, பூஞ்சண நஞ்சா, பயிருக்குத் தெளித்த மருந்தின் எச்சமா?

2. எந்த அளவில் தீங்கு? உணவிற் சேர்க்கும் நிறமூட்டி போன்றவற்றை விலங்குகளுக்குப் பல அளவுகளிற் கொடுத்து, தீங்கு தோன்றாத அளவைக் காண்பர். மனிதருக்கு வழக்கமாக அதில் 100இல் ஒரு பங்கையே அனுமதிப்பர். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேற்றுமைக்காகப் பத்தால் வகுப்பர். மனிதருள்ளும் பலவீனர் உண்டு என்பதற்காக மீண்டும் பத்தால் வகுப்பர்.

3. யார், எவ்வளவு உண்கின்றனர்? உழைப்பாளி உண்ணும் சோற்றின் அளவு வேறு. குழந்தை குடிக்கும் பாலின் அளவு வேறு.

4. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து எவ்வளவு?

"நன்றாக வேகவைத்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். 70 பாகை செல்சியஸ் வெப்பம் உட்பகுதிவரை சென்றால் பெரும்பாலான கிருமிகள் அழியும். ஆனால் அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்திகள் வேகும்போதும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு கிருமி, ஏழு மணி நேரத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிடும்! சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை.

பூஞ்சண நஞ்சும் அத்தகையதே. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீனியிற் கலந்த கச்சான் புண்ணாக்கிலே காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நஞ்சே அப்ளாடொக்சின். ஈரலைத் தாக்குவது; புற்றுநோயையும் உண்டாக்குவது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைப் பசு தின்றால், நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் வரும். 2021 மார்ச்சில் இலங்கைக்கு வந்த சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயிலும் இதுவே கண்டறியப்பட்டது. அதை மணத்தால் அறிய முடியுமா? ஆய்வுகூடமே காட்டித் தந்தது.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவு மாதிரிகளை எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்களுக்கு வழி செய்துள்ளது. ஆனால் வீட்டு அடுப்படிக்கு ஆய்வுகூடம் வராது. அங்கே கடிகாரமும் கவனமுமே நமக்குத் துணை.

* சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.
* பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வேறெதற்கும் எடுக்காதீர்கள்.
* பூஞ்சணம் பிடித்த கச்சானை, "மாட்டுக்காவது ஆகும்" என்று ஒதுக்கி வைக்காதீர்கள்.
* பெருவிருந்து நடத்துமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள். அது வெட்கமன்று, விருந்தினருக்குச் செய்யும் மரியாதை.

குடும்பமாகச் சிந்திக்க:

1. இன்று மதியம் ஆக்கிய சோறு இரவுவரை எங்கே இருந்தது?
2. அடுத்த திருவிழாச் சமையலில், உணவு எத்தனை மணிக்கு இறக்கப்பட்டது என்பதைக் குறித்து வைக்கும் பொறுப்பை நம்மில் யார் ஏற்பார்?