நாகர் மண்ணில் விஷம் ஏறாதா?

2023 ஜூலையில் பேச்சிப்பாறை அருகே சிற்றாறு ரப்பர் கழகக் குடியிருப்புப் பக்கம் ஒரு புலி இறங்கி ஆடு மாடுகளை அடித்தது. கேமரா கட்டினார்கள், கூண்டு வைத்தார்கள். களியக்காவிளை முதல் கன்னியாகுமரி வரை டீக்கடைகளில் அதுதான் பேச்சு. வேட்டை மிருகம் என்றால் நமக்குப் புலி, மிஞ்சினால் சிறுத்தை. ஆனால் நம் வரப்பிலும் விறகுக் குவியலிலும் ரப்பர் விளைச் சருகிலும் ராத்திரிதோறும் வேட்டைக்குக் கிளம்புகிறவை வேறு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. புலியும் சிறுத்தையும் யானையும் சேர்ந்தாலும் இந்தக் கணக்கின் பக்கத்தில் வர முடியாது.

பாம்பின் பெயரில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பாம்பைப் பற்றி எழுத கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நாகர்கோவில்காரனுக்குப் பாம்பைப் பற்றித் தெரியாதது இல்லை; அப்படித்தான் அவன் நினைப்பு.

"நாகராஜா கோவிலைச் சுற்றி ஒரு மைலுக்குள் கடித்தால் சாவு கிடையாது"

என் ஆச்சி இதைச் சத்தியம்போலச் சொல்வாள். "நாகரு மண்ணுல கடிச்சா விஷம் ஏறாது மக்கா." கருவறைக்கு இன்றைக்கும் ஓலைக் கூரைதான். பிரசாதமாகக் கொடுக்கும் மண் ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெளுப்பு என்பார்கள். அந்த மண் இருக்கும்போது என்ன பயம் என்பது ஆச்சியின் கட்சி.

இந்த நம்பிக்கை இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 300க்கு மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் நஞ்சு இல்லை. தண்ணீர்ப்பாம்பும் சாரையும் கடித்தவன் மண் பூசினாலும் பிழைப்பான், பூசாவிட்டாலும் பிழைப்பான். நல்ல பாம்பேகூட ஒவ்வொரு கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. வெறும் பல் மட்டும் பதிவதும் நடக்கிறது. பிழைத்தவன் கோவிலுக்கு வந்து பால் பாயசம் வைப்பான், ஊர் பார்க்கும். செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. போதாததற்கு, அவனைக் கடித்த இடம் ஒரு மைலுக்கு ஒரு முழம் வெளியே என்று யாராவது அளந்தும் சொல்லிவிடுவார்கள். பச்சிலை வைத்தியரின் "நூற்றுக்கு எண்பது பிழைத்தது" கணக்கும் இதே தராசுதான்.

கோவிலைக் குறை சொல்லவில்லை. காவுகளை வெட்டாமல், பாம்பைக் கண்டதும் கம்பை எடுக்காமல் ஒரு ஊர் இருந்தது என்றால் அதற்கு அந்த பக்திதான் காரணம். நாஞ்சில் நாட்டு வயலில் எலியைப் பிடிக்க அதைவிட மலிவான ஆள் கிடைக்காது. பக்தியை மருந்தாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

"வலி இல்லையா, வீக்கம் இல்லையா, அப்படியானால் விஷம் இல்லை"

இந்த ஒரு நம்பிக்கைக்காகவே இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தகும்.

கட்டுவிரியன் பகலில் மண்வெட்டிப் பிடியால் சீண்டினாலும் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். பார்த்தவர்கள் "அப்பிராணி" என்பார்கள். இருட்டியபிறகு அது வேறு ஆள். பல்லியையும் எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள், மண்சுவர் ஓட்டைக்குள், அடுக்கிய செங்கலுக்குள் மோந்துகொண்டே போகும். அந்த வழியில் தரையில் பாய் விரித்து ஒருவர் படுத்திருக்கிறார். தூக்கத்தில் புரள்கிறார், கை பாம்பின்மேல் விழுகிறது. அதன் பல் மிகச் சிறியது. எறும்பு கடித்ததுபோல இருக்கும், பலர் விழிப்பதுகூட இல்லை. கடிவாயைத் தேடினாலும் கண்ணில் படாது.

விடியற்காலையில் வயிற்றுவலி. ராத்திரி தின்ற மீன் சேரவில்லை என்று கசாயம் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தானாகக் கீழே விழும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. அப்போதும் கை கால் வீங்கியிருக்காது. இந்த நஞ்சு நரம்பு முனைகளையே கெடுக்கிறது. முனை கெட்டபிறகு மருந்து ஏற்றினாலும் அது உடனே சரியாகாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே தரையில் படுத்தவர் காரணமில்லாத வயிற்றுவலியோடும் தொங்கும் இமையோடும் எழுந்தால் மீனைச் சந்தேகிக்காதீர்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுவதும் இந்தப் பாம்புக்கு எதிரான பெரிய பாதுகாப்பு.

"பாம்பு பழிவாங்கும்"

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவன் சிதையின் புகை எழுகிறதா என்று பார்க்குமாம். நஞ்சே இல்லாத, பல்லியும் ஓணானும் தவளையும் தின்று மரத்தில் காலம் தள்ளும் ஒரு பாம்பின்மேல் இவ்வளவு பெரிய அபாண்டம்! பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அதே ரகம். கூர்மூக்கோடு கண்ணுக்கு நேரே கிளையில் தொங்குகிறது என்பதுதான் அதன் குற்றம். சாரையும் நல்ல பாம்பும் இணை சேரும் என்று பின்னிக்கொண்டு நிற்பதைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம். மாணிக்கக் கல், பால் குடிப்பது எல்லாவற்றையும் சினிமாவுக்கு விட்டுவிடுவோம்.

பழியும் கிடையாது, கருணையும் கிடையாது. பாம்புக்கு நஞ்சு என்பது சோற்றுக்கான கருவி. கண்ணாடி விரியனை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே விளவங்கோடு பக்கம் மலையாளச் சாயலில் அணலி என்பார்கள். அது ஓடிப் பிடிக்கும் வேட்டைக்காரன் அல்ல. எலி நடக்கும் தடத்தின் ஓரம் சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும், மணிக்கணக்கில். எலி எட்டும் தூரத்தில் வந்ததும், வாயின் மேலண்ணத்தில் மடங்கியிருக்கும் நீண்ட பற்கள் கத்திபோல நிமிர்ந்து ஒரே கொத்து, உடனே விட்டுவிடும். பிடித்துக்கொண்டிருந்தால் எலி திருப்பிக் கடிக்குமே. எலி கொஞ்ச தூரம் ஓடி விழும். பாம்பு அவசரப்படாமல், பிளந்த நாக்கால் தரையையும் காற்றையும் தொட்டுத் தொட்டு, தான் கடித்த எலியின் வாசனையைப் பின்தொடர்ந்து போய்த் தலையிலிருந்து விழுங்கும்.

மனிதனை விழுங்க முடியாது. நம்மேல் செலவழிக்கும் நஞ்சு அதற்கு நஷ்டம். அதனால்தான் முதலில் குக்கர் விசில்போலச் சீறி எச்சரிக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையில் நெல் சிந்தும் இடத்துக்கு எலி வரும், எலி வரும் இடத்துக்கு அணலி வரும், அதே வரப்பில் நாம் வெறுங்காலோடு இருட்டில் நடப்போம். பகை என்று ஒன்றும் இல்லை, வழி ஒன்றாகப் போய்விட்டது. டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் இருந்தால் பாதி விபத்து குறையும். சேற்று வயலில் பூட்ஸ் போட்டு நடந்து பார் என்று கேட்பவர்களின் நியாயமும் புரிகிறது.

"முழமூக்கன் கடி லேசானது"

திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் விளைகளில் விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போகிறவர்களுக்கு இந்தக் குட்டை விரியனைத் தெரியும். ஒரு முழம் இருந்தால் அதிகம். மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருக்கும். சருகுக்குள் அசையாமல் கிடந்து வால்நுனியை மட்டும் புழுபோல நெளிக்கும். புழு என்று நம்பித் தவளையோ அரணையோ கிட்டே வந்தால் கதை முடிந்தது. பலரும் வீக்கத்தோடு தப்பிவிடுவதால் இதை அலட்சியமாகப் பேசுகிறார்கள். ஆனால் ரத்தம் உறையாமல் போய், சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு. நம் மருத்துவமனைகளில் இருக்கும் முறிமருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. முழமூக்கனுக்கு அது பொருந்தாது. அதற்காக வீட்டில் இருந்துவிடக் கூடாது. ரத்தத்தையும் சிறுநீரையும் தொடர்ந்து சோதித்தால்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும்.

கடற்கரைக்கும் ஒரு வார்த்தை. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை வலை இழுப்பவர்களில் சிலர் "கடல் பாம்புக்கு வாய் சின்னது, கடிக்காது" என்பார்கள். வலையோடு வரும் ஒரு பாம்புக்கு நம் ஆட்கள் வைத்த பெயரே வலைக்கடியன். கெளுத்தி மீனை முள்ளோடு விழுங்குகிற வாய் அது, விரல் எம்மாத்திரம்? வெள்ளைக்காரன் புத்தகத்திலும் 'வலகடின்' என்று நம் பெயரிலேயே அது இருக்கிறது. கடித்த இடத்தில் வலியிருக்காது. பிறகு உடம்பெல்லாம் தசை வலி, சிறுநீர் கறுத்துப் போகும். இதற்கும் அந்த நான்கு பாம்பு மருந்து உதவாது. ஆகவே இதையும் கரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

"கடித்த பாம்பை அடித்துக் கொண்டுபோனால்தான் வைத்தியம்"

வேண்டவே வேண்டாம். நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து என்னும்போது டாக்டருக்குப் பாம்பின் முகம் தேவையில்லை. கடிபட்டவரின் இமையும் ரத்தமும் போதும். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்து, உறைந்ததா என்று பார்ப்பார்கள். பாம்பைத் தேடிப் போனால் நேரம் போகும், இரண்டாவது ஆளும் கடிபடுவான். அடித்த பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கொத்தும்.

அந்த மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரியவருக்கும் குழந்தைக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை அல்லவா? கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். கடிபட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, 108ஐக் கூப்பிடுங்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும், நாகர் மண்ணில் பட்டதும் சேர்த்து.

ஆச்சிகளின் மனதையும் நோகடிக்க வேண்டாம். நாகராஜா கோவிலிலிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆட்டோவில் கால்மணி நேரம். கோவில் மண்ணை ஆட்டோவில் ஏறிய பிறகும் நெற்றியில் இட்டுக்கொள்ளலாம்.