'ஏரியா' என்றால் என்ன? ஃபிளாட் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"நீங்க எந்த ஏரியா?" என்று கேட்டால் ஊர்ப் பகுதியைச் சொல்வோம். ஃபிளாட் விளம்பரத்தில் "ஏரியா 1,200 சதுர அடி" என்றால் அது அளவு. எந்த அளவு என்று கேட்காமல் கையெழுத்து போட்டால், 20 வருஷம் இஎம்ஐ கட்டப் போவது நீங்கதான்.

இந்த வார்த்தை லத்தீனில் இருந்து வந்தது. அங்கே இதற்குத் திறந்த சமதள நிலம், கதிரடிக்கும் களம் என்று பொருள். அதாவது, நின்று வேலை செய்யும் தரை. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு பரப்பளவு, பகுதி என்று பொருள் விரிந்தது.

தமிழில் 'வளாகம்' வேறு மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தியநாதர் கோயில் இருக்கும் இடம் மடவார் வளாகம். வளாகம் என்றால் சூழ்ந்த இடம். கோயில் வளாகம் என்றால் கருவறை மட்டும் இல்லை. பிரகாரம், மதில் எல்லாம் சேர்ந்ததுதான்.

ஃபிளாட்டிலும் இதே கதைதான்:

1. கார்பெட் ஏரியா: வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் தரை. உள் சுவர்கள் சேரும். வெளிச்சுவர், பால்கனி சேராது. இதுதான் உங்கள் களம்.
2. பில்ட்-அப் ஏரியா: வெளிச்சுவர், பால்கனியும் சேர்ந்தது.
3. சூப்பர் பில்ட்-அப் ஏரியா: மாடிப்படி, லிஃப்ட், வராண்டாவில் உங்கள் பங்கும் சேர்ந்தது. இதுதான் வளாகம்.

ஒரு கணக்கு போடுவோம். சூப்பர் பில்ட்-அப் 1,200 சதுர அடி, சதுர அடி ₹6,000 என்றால் விலை ₹72 லட்சம். அதில் கார்பெட் ஏரியா 840 சதுர அடிதான் என்று வைத்துக்கொள்வோம். 72 லட்சத்தை 840-ஆல் வகுத்தால், புழங்கும் தரைக்கு நீங்கள் கொடுப்பது சதுர அடிக்கு சுமார் ₹8,571!

பொது இடத்துக்குப் பணம் கேட்பது தப்பில்லை. லிஃப்ட் நமக்கும் வேணுமே. ஆனா எவ்வளவு என்று தெரியணும். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் கார்பெட் ஏரியாவுக்குத் தெளிவான விளக்கம் தந்திருக்கிறது.

அதனால இரண்டு ஃபிளாட்டை ஒப்பிடும்போது, மொத்த விலையைக் கார்பெட் ஏரியாவால் வகுத்துப் பாருங்க. ஒப்பந்தத்தில் அந்த அளவு எழுதியிருக்கா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்க.