நுண்கட்டுப்படுத்தி இயங்காதபோது பழுதைக் கண்டறிதல்

அச்சிட்ட சுற்றுப் பலகையொன்றை நீங்களே வடிவமைத்து, துணைக்கூறுகளைப் பற்றாசு பிடித்து, நுண்கட்டுப்படுத்தியையும் பொருத்தி ஆளியை மூடுகின்றீர்கள். எதுவும் இயங்கவில்லை. இவ்வேளையில் மாணவர் பலர் "சிப் எரிந்துவிட்டது" எனத் தீர்மானித்துப் புதியதொன்றைப் பொருத்துவர். பழுது பலகையில் இருப்பின் புதிய சிப்பும் இயங்காது. சில வேளைகளில் அதுவும் பழுதடையும். எனவே காரணத்தைக் கண்டறியும் வரை சிப்பை மாற்றலாகாது. இதுவே இப்பாடத்தின் அடிப்படை விதியாகும்.

உதாரணமாக, 28 முனைகளைக் கொண்ட ஏ.ரீ.மெகா 328பீ எனும் நுண்கட்டுப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். ஆர்டுயினோ ஊனோ பலகையில் பயன்படுவதும் இவ்வகையே. இது இயங்குவதற்குப் பின்வருவன தேவை.

• சரியான வழங்கல் வோல்ற்றளவு
• மீளமைப்பு முனையில் உயர் மட்டம்
• கடிகாரத் துடிப்பு
• செய்நிரல்

இவ்வொழுங்கிலேயே சோதிக்க வேண்டும்.

படி 1: கண்ணாற் சோதித்தல்

முதலில் வழங்கலைத் துண்டிக்குக. சிப்பின் வெட்டுக்குறியும் தாங்கியின் வெட்டுக்குறியும் ஒரே பக்கத்தில் உள்ளனவா? அயல் முனைகளைப் பற்றாசு இணைத்துள்ளதா? செப்புப் பாதை எங்கேனும் அறுந்துள்ளதா? இவற்றை உருப்பெருக்கும் வில்லையினூடாகப் பார்க்குக.

படி 2: வழங்கலைச் சோதித்தல்

பல்மானியை நேரோட்ட வோல்ற்றளவு வீச்சில் வைத்து, முனை 7 இற்கும் முனை 8 இற்கும் இடையே அளக்குக. 5 வோல்ற்று கிடைக்க வேண்டும். முனை 20 இற்கும் 22 இற்கும் இடையிலும் அவ்வாறே. ஒழுங்காக்கியின் பயப்பில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்த வேண்டாம். அதற்கும் சிப்புக்கும் இடையே பாதை அறுந்திருக்கலாம்.

7805 ஒழுங்காக்கி 5 வோல்ற்றைத் தருவதற்கு அதன் பெய்ப்பில் ஏறத்தாழ 7 வோல்ற்றேனும் இருத்தல் வேண்டும். வலுவிழந்த 9 வோல்ற்று மின்கலவடுக்கு சுமையின்போது இதனைத் தராது. சிப்புக்கு 5.5 வோல்ற்றுக்கு மேல் வழங்கக் கூடாது.

படி 3: மீளமைப்பு முனையைச் சோதித்தல்

முனை 1 ஐ 10 கிலோ ஓம் தடையியினூடாக 5 வோல்ற்றுடன் இணைப்பது வழக்கம். எனவே அங்கு ஏறத்தாழ 5 வோல்ற்று இருக்க வேண்டும். அது 0 வோல்ற்றில் இருப்பின், செய்நிரல் எவ்வளவு சரியாயினும் இயங்காது.

படி 4: கடிகாரத்தைச் சோதித்தல்

16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு முனை 9, 10 என்பவற்றுடன் இணைக்கப்படும். ஒவ்வொரு முனையிலிருந்தும் 22 பிக்கோபரட்டுக் கொள்ளளவியொன்று புவியுடன் இணைக்கப்படும். சாதாரண பல்மானியால் இவ்வலைவைச் சரியாகக் காண முடியாது. ஆகவே அலைவுகாட்டியைப் பயன்படுத்துக; இல்லையேல் வேறொரு பளிங்கை மாற்றிப் பார்க்குக.

வெளிப் பளிங்கில் இயங்குமாறு அமைக்கப்பட்ட சிப், பளிங்கு இல்லாதவிடத்து செய்நிரலேற்றிக்கும் பதிலளிக்காது. அது இறந்ததாகத் தோன்றும். பளிங்கை இணைத்ததும் மீண்டும் இயங்கும்.

படி 5: பயப்பு முனைகளைச் சோதித்தல்

ஒரு முனையின் உச்ச எல்லை 40 மில்லியம்பியர் ஆகும். 2 வோல்ற்றில் ஒளிரும் ஒளிகாலும் இருவாயியுடன் 330 ஓம் தடையியை இணைத்தால்,

மின்னோட்டம் = (5 – 2) ÷ 330 = 0.009 அம்பியர் = 9 மில்லியம்பியர். இது பாதுகாப்பானது.

70 ஓம் சுருளுள்ள ரிலேயை நேரடியாக இணைத்தால்,

மின்னோட்டம் = 5 ÷ 70 = 0.071 அம்பியர் = 71 மில்லியம்பியர். இது எல்லையை மீறுகின்றது.

எனவே ரிலேயைத் திரான்சிற்றரினூடாகவே இயக்குக. சுருளுக்குக் குறுக்கே பின்முகக் கோடலில் இருவாயியொன்றையும் இணைக்குக. இன்றேல் சுருளை நிறுத்தும் கணத்தில் தோன்றும் உயர் வோல்ற்றளவு சுற்றைப் பழுதாக்கும். இத்தகைய பலகையிற் புதிய சிப்பைப் பொருத்தினால் அதுவும் அதே முடிவையே அடையும்.

மாதிரி வினா

இயங்காத பலகையொன்றில் மாணவி ஒருவர் பெற்ற அளவீடுகள்:

முனை 7 – 8: 5.0 வோல்ற்று
முனை 20 – 22: 5.0 வோல்ற்று
முனை 1 – 8: 0.0 வோல்ற்று

(அ) பழுது எப்பகுதியில் உள்ளது?
(ஆ) பழுது பலகையிலா, சிப்பிலா என எவ்வாறு தீர்மானிப்பீர்?

விடை

(அ) வழங்கல் சரியானது. மீளமைப்பு முனை தாழ் மட்டத்தில் உள்ளதால் பழுது அப்பகுதியிலேயே உள்ளது.

(ஆ) வழங்கலைத் துண்டித்துச் சிப்பை அகற்றி, தாங்கியின் 1 ஆம், 8 ஆம் துளைகளுக்கிடையே தடையை அளக்க வேண்டும். 0 ஓமுக்கு அண்மையாயின் பலகையிற் குறுஞ்சுற்று உள்ளது: பற்றாசுப் பாலம் அல்லது ஒட்டிக்கொண்ட மீளமைப்பு ஆளி காரணமாகலாம். குறுஞ்சுற்று இல்லையெனின், சிப் இன்றியே வழங்கலை இணைத்து அத்துளைகளில் வோல்ற்றளவை அளக்க வேண்டும். 5 வோல்ற்று கிடைப்பின் பலகையின் இப்பகுதி சரியானது. இப்போதுதான் சிப்பைச் சந்தேகிக்கலாம்.

குறிப்பு: "சிப் பழுது" என மட்டும் விடையெழுத வேண்டாம். எந்த அளவீடு அம்முடிவைத் தந்தது என்பதையும் எழுதுக.

பயிற்சி

புதிய சிப் உள்ளக அலையத்தால் 1 மெகாஹேர்ட்ஸில் இயங்குமாறு தொழிற்சாலையில் அமைக்கப்பட்டுள்ளது. 16 மெகாஹேர்ட்ஸுக்கென எழுதிய செய்நிரலை அதில் ஏற்றியபோது, 1 செக்கன் ஒளிர வேண்டிய இருவாயி 16 செக்கன் ஒளிர்ந்தது. சிப் பழுதடைந்துள்ளதா? காரணம் தருக.