மேலிருந்து பார்த்தால் நம் வீடு

மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் வான்படத்தைக் காட்டி, "உன் வீடு எங்கே?" என்று கேட்டால் அது வாசற்படியையும் திண்ணையையும் தேடும். படத்தில் இருப்பதோ கூரை மட்டும். எனவே முதல் நாள் வரைபடமே வேண்டாம். டம்ளர், டிபன் பாக்ஸ், செருப்பு ஆகியவற்றைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். டம்ளர் வெறும் வட்டமாகிவிட்டதைக் கண்டு சிரிப்பார்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு இஸ்ரோவின் புவன் அல்லது கூகுள் எர்த். வீட்டை நேரடியாகத் தேடவிடாதீர்கள். ஏரி, ரயில் பாதை போன்ற பெரிய அடையாளத்தைக் கொண்டு பள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் விரலை நடத்தட்டும். "இங்கே தண்ணித் தொட்டி, அப்புறம் லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே போவதுதான் வரைபட வாசிப்பு. கோடையில் எடுத்த படத்தில் வற்றிய ஏரி பழுப்பாக இருக்கும்; நீலத்தைத் தேடும் குழந்தைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உயர் வகுப்பினர் இதே வழியை 1:50,000 தலப்படத்தில் நூல் வைத்து அளக்கலாம், 1 செ.மீ. என்பது 500 மீட்டர்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேப்பமரத்தடிக் குடிசை வான்படத்தில் தெரியாது. படம் எடுத்தபின் கட்டிய வீடும் இருக்காது. எல்லோரும் கண்டுபிடித்துக் கைதட்டும்போது, "உன் வீடு இதில் இல்லை" என்ற சொல் ஒரு குழந்தையை மட்டும் தனியே நிறுத்திவிடும். அச்சொல்லைச் சொல்லாதீர்கள். படம் எடுத்த தேதி திரையில் இருந்தால் காட்டுங்கள். அச்சிட்ட படத்தில், அந்த மரத்தின் மேலேயே குழந்தை தன் கூரையை வரையட்டும். அத்தனை பேர் வீடும் ஏறிய பிறகு படத்தைச் சுவரில் ஒட்டுங்கள்.